நெற்றிச் சுருக்கமும் நஞ்சு மருந்தும்

மனிதன் நாவினாற் பேசக் கற்பதற்கு முன்னரே புருவத்தினாற் பேசக் கற்றுவிடுகிறான். கைக்குழந்தை தாய் சொல்லும் சொல்லின் பொருளை அறியாது. ஆயினும் அவளுடைய நெற்றி மலர்ந்திருக்கிறதா, சுருங்கியிருக்கிறதா என்பதை நன்கறியும். வகுப்பின் கடைசி வாங்கில் இருந்து குறும்பு செய்யும் மாணவனை ஒரு சொல்லும் உரையாது அடக்கிவிடுவது ஆசிரியரின் புருவ நெரிப்பேயாகும். பிரம்பு விடைபெற்ற பின்னரும் ஆசிரியரிடம் எஞ்சியிருக்கும் கருவி அஃதொன்றே எனலாம்.

இத்துணைப் பயனுள்ள புருவ நெரிப்பு தன் தடத்தையும் முகத்தில் விட்டுச் செல்கிறது. புருவங்களின் உள்முனைகளில் இரு சிறு தசைகளும், அவற்றுக்கு நடுவே மூக்குத் தண்டின்மேல் இன்னொரு தசையும் உள. சினம் கொள்ளும்போதும், வெயிலிற் கண் கூசும்போதும், கடினமான கணக்கொன்றை மனத்திற் போடும்போதும் இவை சுருங்கி மேலேயுள்ள தோலை மடிக்கின்றன. இளமையில் அம்மடிப்பு உடனே விரிந்துவிடும். ஆண்டுகள் செல்லச் செல்லத் தோலின் மீளுந்தன்மை குறைகிறது. வெயிலும் புகைபிடித்தலும் அதனை மேலும் விரைவிற் குறைக்கின்றன. பெட்டியில் நெடுநாள் மடித்து வைத்த சேலையில் மடிப்பு நிலைத்துவிடுவதுபோல, முகத்திலும் கோடு நிலைத்துவிடுகிறது. சினமின்றி இருக்கும் வேளையிலும் “ஏன் கோபமாக இருக்கிறீர்கள்?” என்று பிறர் கேட்கக் கேட்டு வருந்துவோர் பெண்களிலும் உளர், ஆண்களிலும் உளர். அவ்வருத்தத்தை வெறும் வீண்பெருமை என்று நகைத்து ஒதுக்குவது எளிது. ஆனால் அது நேர்மையன்று. நரையை மறைக்கச் சாயம் பூசுவோரை நாம் ஏற்றுக்கொண்டு நெடுங்காலமாகிறது.

இக்கோடுகளை மறையச் செய்ய ஊசி மருந்து ஒன்று இன்று உலகெங்கும் வழங்குகிறது. போடொக்ஸ் என்ற பெயரை நேயர்களிற் பலர் கேட்டிருப்பர். அது வணிகப் பெயர்களுள் ஒன்று. மருந்தின் பெயர் பொட்டுலினம் நச்சு என்பதாகும். முதன்முறையாக இவ்வூசியை ஏற்றிக்கொள்ள எண்ணும் ஒருவருக்கு என்ன நிகழும், எப்போது நிகழும், எது நிகழாது என்பவற்றை விளக்க வேண்டுமாயின், அம்மருந்தின் பிறப்பிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, ஜேர்மனியின் தென்பகுதியிலுள்ள வூர்ட்டம்பேர்க் நாட்டில், பழுதடைந்த இறைச்சிக் குழல்களை உண்டோர் பலர் ஒரு விசித்திரமான நோயால் மாண்டனர். அவர்களுக்குக் காய்ச்சல் இல்லை. அறிவு தெளிவாகவே இருந்தது. ஆனால் கண்ணிமைகள் தாமே கீழே விழுந்தன, விழுங்க முடியவில்லை, ஈற்றில் மூச்சு நின்றது. ஜஸ்டீனஸ் கேர்னர் என்னும் வைத்தியர் இந்நோயாளரின் வரலாறுகளைத் திரட்டி 1820 இலும் 1822 இலும் நூல்களாக வெளியிட்டார். அவர் கவிஞருமாவார், அந்நஞ்சைச் சிறிது தாமே உட்கொண்டு பார்த்த துணிவும் அவருக்கு இருந்தது. மிகச் சிறிய அளவிற் பயன்படுத்தினால், கட்டின்றித் துடிக்கும் நரம்புகளை அடக்கும் மருந்தாக இந்நஞ்சு உதவக்கூடும் என்றும் அவர் எழுதிவைத்தார். அக்கருத்து செயலாவதற்கு ஒன்றரை நூற்றாண்டு சென்றது.

நஞ்சை உண்டாக்குவது யாது என்பது 1895 ஆம் ஆண்டு பெல்ஜியத்திற் புலனாயிற்று. எல்லெசெல் என்னும் கிராமத்தில் மரணச் சடங்கொன்றுக்கு வாத்தியம் இசைக்க வந்தோர், உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றித் தொடையிறைச்சியை உண்டனர். அவர்களிற் பலர் நோயுற்றனர், மூவர் இறந்தனர். எமில் வான் எர்மெங்கம் என்னும் பேராசிரியர் அவ்விறைச்சியிலிருந்தும் இறந்தவரின் உடலிலிருந்தும் ஒரு நுண்ணுயிரைப் பிரித்தெடுத்தார். காற்றில்லாத இடத்தில் வளரும் அந்நுண்ணுயிருக்கு, இறைச்சிக் குழலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்தே பெயர் வந்தது.

பின்னர் இந்நஞ்சு தூய்மைப்படுத்தப்பட்டு ஆய்வுகூடங்களை அடைந்தது. சான் பிரான்சிஸ்கோ நகரத்துக் கண் வைத்தியர் அலன் ஸ்கொட், மாறுகண்ணைச் சத்திரசிகிச்சையின்றி நேராக்க இதனைக் கையாளலாம் எனக் கருதி, முதலிற் குரங்குகளிற் சோதித்தார். பின்னர் மனிதரிற் கண்ட பயனை 1980 இல் வெளியிட்டார். 1989 இல் ஐக்கிய அமெரிக்க அரசு மாறுகண்ணுக்கும், கண்ணிமை அடங்காது துடிக்கும் நோய்க்கும் இம்மருந்தை அங்கீகரித்தது.

சுருக்கத்தின் கதை கனடாவில் வங்கூவர் நகரிலே தொடங்குகிறது. 1987 இல், ஜீன் கருதர்ஸ் என்னும் கண் வைத்தியர் இமைத் துடிப்புக்காகப் பெண்ணொருவருக்கு இவ்வூசியை ஏற்றிவந்தார். ஒருமுறை புருவங்களுக்கிடையே ஊசி ஏற்றப்படாதபோது அப்பெண் குறைப்பட்டுக்கொண்டார். அங்கே ஏற்றும்போதெல்லாம் தம் முகம் கவலை நீங்கித் தோன்றியது என்பது அவர் கூறிய காரணம். வைத்தியரின் கணவர் அலஸ்ரெயர் கருதர்ஸ் ஒரு தோல் வைத்தியர். நெற்றிக் கோடுகளைப் போக்கும் வழி தேடிக்கொண்டிருந்தவர். நோயாளி தற்செயலாகச் சொன்ன ஒரு வார்த்தை இருவருக்கும் வழிகாட்டிற்று. அவர்கள் தம் ஆய்வை 1992 இல் வெளியிட்டனர். புருவ நெரிப்புக் கோட்டுக்கு 2002 இல் அமெரிக்காவில் அங்கீகாரம் கிடைத்தது. கண்ணோரத்தில் விசிறிபோல் விரியும் கோடுகளுக்கு 2013 இலும், நெற்றியின் குறுக்குக் கோடுகளுக்கு 2017 இலும் அது விரிவாக்கப்பட்டது. நாட்பட்ட ஒற்றைத் தலையிடி, பாரிசவாதத்தின் பின் இறுகிவிட்ட கை முதலியவற்றுக்கும் இதே மருந்து ஏற்றப்படுகிறது என்பதை நேயர்கள் மனத்திற் கொள்ளுதல் நன்று. அழகுக்காக மட்டும் பிறந்த மருந்தன்று இது.

இது தசையில் என்ன செய்கிறது? நரம்பின் நுனி தசையைத் தொடும் இடத்தில், அசற்றைல்கோலின் என்னும் இரசாயனப் பொருள் சிறு பைகளில் அடைபட்டிருக்கும். மூளையின் கட்டளை வந்ததும் அப்பைகள் திறந்து பொருள் வெளிப்பட, தசை சுருங்குகிறது. பொட்டுலினம் நச்சு நரம்பு நுனிக்குள் நுழைந்து, அப்பைகளைத் திறப்பதற்கு வேண்டிய புரதம் ஒன்றை வெட்டிவிடுகிறது. கட்டளை வருகிறது, பொருளும் இருக்கிறது, ஆனால் வெளியே செல்ல வழியில்லை. கடிதம் எழுதி முத்திரையும் ஒட்டிய பின்னர் தபாற்கந்தோரின் கதவு பூட்டியிருப்பதைப் போன்றது இந்நிலை. நரம்பு சாகவில்லை, தசையும் சாகவில்லை. சில வாரங்களில் நரம்பு புதிய சிறு கிளைகளை விடுகிறது. நாளடைவிற் பழைய கதவும் திறக்கிறது. மூன்று நான்கு மாதங்களிற் புருவம் மீண்டும் நெரியத் தொடங்கும்.

முதன்முறை செல்பவர் ஏமாறுவதும் அஞ்சுவதும் பெரும்பாலும் இந்த ஒரு செய்தியை அறியாமையினாலேயே. மருந்து தோலை நிரப்புவதன்று, தேய்ப்பதுமன்று, தசையை ஓயச் செய்வதே அதன் தொழில். ஆகையால், புருவத்தை நெரிக்கும்போது மட்டும் தோன்றும் கோடு நன்றாக மறையும். ஓய்வாக இருக்கும்போதும் ஆழப் பதிந்து நிற்கும் கோடு மெலியுமேயன்றி முற்றாக அழியாது. கன்னம் தொங்குதலையும், வெயிலாற் கறுத்த தோலையும் இம்மருந்து தொடாது. கோடுகளின் கீழே வேறு பொருளை ஏற்றி நிரப்பும் சிகிச்சை ஒன்றும் உளது. அது வேறு, இது வேறு. இரண்டையும் ஒன்றெனக் கொண்டு மயங்குவோர் மிகப் பலர்.

முதல் நாளில் ஊசியைவிட உரையாடலே நீண்டதாக இருத்தல் வேண்டும். வந்தவரைக் கண்டவுடன் மருந்தைக் கலக்கத் தொடங்கும் வைத்தியரிடமிருந்து எழுந்து வருதலே நலம். நல்ல வைத்தியர் முதலிற் கேட்பார். கர்ப்பமா, குழந்தைக்குப் பாலூட்டுகின்றாரா என்று கேட்பார். ஆம் எனின் ஊசியைத் தள்ளிவைப்பார். தசைகள் தளரும் நரம்பு நோய் உண்டா, விழுங்குவதில் இடர் உண்டா, முன்னர் இம்மருந்து ஒவ்வாமற் போனதுண்டா, ஊசி ஏற்றும் இடத்திற் புண்ணோ கிருமித் தொற்றோ உண்டா என்பவற்றையும் கேட்பார். உட்கொள்ளும் மருந்துகளின் பெயர்களை மறைத்தல் கூடாது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளுள் ஒரு வகை இந்நஞ்சின் வேகத்தைக் கூட்டும். இரத்தத்தை இளக்கும் மருந்துகள் ஊசி பட்ட இடத்திற் கன்றிப்போதலை மிகுவிக்கும். ஆயினும், இருதய நோய்க்காக உட்கொள்ளும் மாத்திரையை நெற்றிக் கோட்டுக்காகத் தாமாகவே நிறுத்திவிடுவது பேதைமை.

பின்னர் வைத்தியர் முகத்தைப் பார்ப்பார். புருவத்தை நெரிக்கச் சொல்வார்; உயர்த்தச் சொல்வார்; சிரிக்கச் சொல்வார். ஒருவரின் தசை தடித்தது. மற்றவரின் தசை மெல்லியது. சிலருக்கு ஒரு புருவம் மற்றதனிலும் சற்றே தாழ்ந்திருக்கும். அதனை அவரே அன்றுவரை அறிந்திரார். ஆகவே, ஊசிக்கு முன் எடுக்கும் புகைப்படம் பிற்காலத்து வழக்குகளைத் தீர்க்கும் சாட்சியாகும். முகப்பூச்சைத் துடைத்து, ஏற்ற வேண்டிய இடங்களைப் பென்சிலாற் குறிப்பார்கள்.

மருந்து சிறு குப்பியில் உலர்ந்த பொருளாக வருகிறது. குப்பியின் அடியில் மெல்லிய படலம்போற் காணப்படும். அதனைக் குளிரிற் பாதுகாத்தல் வேண்டும். உப்புநீரிற் கலந்த பின் 24 மணித்தியாலங்களுக்குள் பயன்படுத்துதல் வேண்டும் என்பது தயாரிப்பாளரின் விதி. அளவு ‘அலகு’ எனப்படும். போடொக்ஸ் ஆயின், புருவ நெரிப்புக் கோட்டுக்கு ஐந்து இடங்களில் நந்நான்காக 20 அலகு ஏற்றுவர். ஓரிடத்திற் செல்லும் நீர் ஒரு மில்லிலீற்றரிற் பத்திலொரு பங்கே. வளர்ந்த மனிதரைக் கொல்லக்கூடிய அளவு ஏறத்தாழ 3000 அலகு எனக் கணிக்கப்பட்டிருப்பதை நோக்க, ஏற்றப்படும் அளவு எத்துணைச் சிறியது என்பது விளங்கும். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஒரு தயாரிப்பின் அலகு இன்னொரு தயாரிப்பின் அலகுக்குச் சமமன்று. டிஸ்போர்ட் என்னும் மற்றொரு தயாரிப்பில் அதே கோட்டுக்கு 50 அலகு விதிக்கப்பட்டிருக்கிறது. “நண்பருக்கு 50 ஏற்றினார்கள், எனக்கு ஏன் 20?” என்று வாதாடுவதிற் பொருளில்லை.

ஊசி முனை மயிரிழைபோல் நுண்ணியது. எறும்பு கடித்தாற்போன்ற நோவு ஒவ்வோரிடத்திலும் ஒரு கணம் இருக்கும்; சிலர் முன்னதாகப் பனிக்கட்டி வைத்து மரத்துப்போகச் செய்வதுண்டு. ஐந்து நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். நுளம்பு கடித்ததுபோன்ற சிறு தடிப்புகள் எழுந்து அரை மணித்தியாலத்துள் அடங்கும். இவ்வளவு அஞ்சியது இதற்காகவா என்று பலர் அப்போதே நகைப்பர்.

வீடு சென்று கண்ணாடியைப் பார்ப்பவர் அடுத்ததாக ஏமாறுகிறார். ஏனெனில் முகம் சென்றபடியே வந்திருக்கும். அன்று ஊசி பட்ட இடத்தை அழுத்தித் தேய்க்கலாகாது. சில மணித்தியாலங்கள் குப்புறப் படுத்தலும் கடும் தேகப்பயிற்சியும் ஆகா என்பர். இவ்விதிகளுட் சிலவற்றுக்கு ஆய்வுச் சான்று மிகுதியாக இல்லை. ஆயினும் கைக்கொள்வதால் இழப்பொன்றும் இல்லை. சிலருக்கு அன்றோ மறுநாளோ மெல்லிய தலையிடி வரும்.

இரண்டாம் மூன்றாம் நாளில் ஒரு புதுமை தோன்றும். புருவத்தை நெரிக்க எண்ணினால் அது முழுமையாக இசையாது. தோல் மரத்துப்போகவில்லை, தொடுவுணர்ச்சி முன்போலவே இருக்கும், ஏவல் மட்டும் நிறைவேறாது. நெற்றியில் ஏதோ கனம் வைத்தாற்போலச் சிலர் உணர்வர். இவ்வேளையில் ஒரு பக்கம் முன்னதாகவும் மறுபக்கம் பின்னதாகவும் ஓய்வதுண்டு. ஒரு புருவம் சற்றே உயர்ந்து நிற்பதைக் கண்டு கலங்கி, ஐந்தாம் நாளே வைத்தியரிடம் ஓடி மேலும் மருந்து கேட்பது தவறு. முழுப் பயன் தெரிவதற்கு இரண்டு வாரங்கள் செல்லும். சமையலில் உப்பு கரைவதற்கு முன்னரே சுவைத்துப் பார்த்து மீண்டும் உப்பிடுபவர் கறியைக் கெடுப்பார். பதினான்காம் நாள் அளவில் மறுபடியும் சென்று, குறை இருப்பின் அப்போது சிறிது சேர்த்துக்கொள்ளலாம். அனுபவமுள்ள வைத்தியர் முதன்முறையிற் சற்றுக் குறைத்தே ஏற்றுவதும் இதனாலேயே. ஏற்றாமல் விட்டதைப் பின்னர் ஏற்றலாம்; ஏற்றியதைத் திரும்ப எடுக்க வழியில்லை.

அந்த வழியில்லாமையிலேதான் உண்மையான இடர் இருக்கிறது. மருந்து அயலிலுள்ள தசைக்குப் பரவுமாயின் மேலிமை தாழ்ந்துபோகலாம். ஒரு கண் பாதி மூடியவாறு தோன்றும். ஆள் உறக்கத்திலிருந்து எழுந்தவர் போலிருப்பார். இஃது ஒரு சிலருக்கே நேரும். சில வாரங்களில் தானே நீங்கும். இமையைச் சற்று உயர்த்தும் கண்சொட்டு மருந்தும் உண்டு. நெற்றி முழுவதும் மிகையாக ஏற்றினாற் புருவங்களே தாழ்ந்து முகம் சோர்ந்துபோகும். இளமையை நாடிச் சென்றவர் களைப்பைப் பெற்று வருவார். அடுத்த மாதம் மகளின் திருமணம், அதன் முதல் வாரத்தில் ஊசி என்று திட்டமிடுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வாழ்வில் முதன்முறையாக ஏற்றும் ஊசியை முக்கியமான ஒரு நாளுக்கு அண்மையில் வைத்தலாகாது; ஒரு மாதமாவது இடைவெளி இருத்தல் நன்று.

இமை தாழ்தல் உயிருக்குக் கேடு செய்யாது. ஊசி ஏற்றிய பின்னர் விழுங்க முடியாமை, குரல் மாறுதல், பொருள்கள் இரண்டாகத் தெரிதல், மூச்சுத் திணறல் என்பன தோன்றுமாயின் அஃது அவ்வாறன்று. மருந்து உடலிற் பரவியதன் அடையாளங்கள் அவை. சில மணித்தியாலங்களிலும் தோன்றலாம், சில வாரங்கள் கழித்தும் தோன்றலாம். ஒரு கணமும் தாமதியாது மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். அழகுக்காக விதிக்கப்பட்ட அளவில், உண்மையான மருந்தை, முறையாக ஏற்றும்போது இது மிக அரிது. அரிதல்லாமற் போவது எப்போது என்பதற்கு அண்மைக்காலச் செய்தியே சான்று. 2024 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவின் சுகாதார அதிகாரிகள், 11 மாநிலங்களில் 22 பேர் இவ்வகை ஊசிகளின் பின் நோயுற்றனர் என அறிவித்தனர். அவர்களிற் பாதிப்பேர் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டனர். போலி மருந்தும், உரிமம் இல்லாதவர் கைகளும், வீடுகளும் அழகு நிலையங்களுமே அச்செய்தியில் மீண்டும் மீண்டும் வந்தன. இங்கிலாந்திலோ 18 வயதுக்கு உட்பட்டவருக்கு அழகுக்காக இவ்வூசியை ஏற்றுவது 2021 ஒக்ரோபர் முதல் சட்டப்படி குற்றமாயிற்று.

நம் நாட்டில் ஒருவர் வைத்தியராகத் தொழில் செய்ய இலங்கை மருத்துவச் சபையிற் பதிவு வேண்டும். மருந்துகளைப் பதிவு செய்வது, 2015 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் பொறுப்பு. ஊசி போடுபவரின் பதிவையும் குப்பியின் பெயரையும் கேட்பதற்கு எவரும் வெட்கப்படத் தேவையில்லை. சந்தையிற் கத்தரிக்காய் வாங்கும்போது புரட்டிப் பார்ப்பவர்கள், முகத்துள் ஏறும் மருந்தைப் பாராது கண்ணை மூடிக்கொள்வது வியப்பே. விலை மிகக் குறைவாக இருப்பின், குப்பியுள் இருப்பது நீர் மிகுந்த மருந்தா, வேறெதுவுமா என ஐயுறுதல் இயல்பானது.

இவையெல்லாம் நன்றாக அமைந்து, இரு வாரங்களும் கழிந்துவிட்டன என்று கொள்வோம். கோடு மறைந்திருக்கும்; உறவினர் “நன்றாக உறங்கினீர்கள் போலும்” என்பர். அளவோடு ஏற்றிய ஊசியை அயலார் கண்டுபிடிப்பதில்லை. அளவு கடந்ததையே அனைவரும் கண்டு, அதனையே இச்சிகிச்சையின் இலக்கணம் என்று எண்ணிவிடுகின்றனர். சிரித்தாலும் வருந்தினாலும் ஒரே நிலையில் நிற்கும் முகம் மருந்தின் குற்றமன்று, அளவின் குற்றம். ஆயினும், புருவத்தாற் பேசிப் பழகியவர் தம் பேச்சில் ஒரு பகுதியைச் சில மாதங்களுக்குக் கொடுத்துவிட்டே இந்த மென்மையைப் பெறுகிறார் என்பதும் மெய். மேடையில் நடிப்பவரும், சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவரும் இதனை வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்வாராயின், அவர் அதற்கேற்ப அளவைக் குறைப்பார்.

மூன்றாம் மாதத்தின் பின் ஒருநாள் கண்ணாடியிற் புருவம் அசையும். மீண்டும் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் எதுவுமில்லை. நிறுத்தினாற் சுருக்கம் முன்னரிலும் மிகும் என்று பரவியிருக்கும் அச்சம் ஆதாரமற்றது. முகம் தன் பழைய நிலைக்கே திரும்பும். தொடர விரும்புவோர் மூன்று மாதத்துக்கு முன்னர் மறுபடியும் ஏற்றுவதைத் தவிர்த்தல் வேண்டும். அடிக்கடி ஏற்றினால் உடல் இம்மருந்தை எதிர்க்கும் பொருளை உண்டாக்கி, மருந்து பயனற்றுப் போவதும் உண்டு. ஆண்டுக்கு மூன்று முறையோ நான்கு முறையோ செலவு என்பதை முதல் ஊசிக்கு முன்னரே கணக்கிட்டுக் கொள்வது குடும்பத்துக்கும் நல்லது. வெயிலிற் செல்லும்போது குடை பிடித்தலும், பார்வை மங்கியவர் கண்ணைச் சுருக்கிப் படிக்காமல் ஏற்ற மூக்குக்கண்ணாடி அணிதலும் ஊசி ஏற்றுவோருக்கும் ஏற்றாதோருக்கும் ஒருங்கே பயன்படும். அவற்றுக்கு இரு வாரம் காத்திருக்க வேண்டியதுமில்லை.

இரண்டாம் முறை செல்வோர், முதன்முறை ஏற்றிய மருந்தின் பெயர், குப்பியின் தொகுதி இலக்கம், ஒவ்வோரிடத்திலும் சென்ற அலகு, திகதி என்பவற்றை எழுதிய அட்டையைக் கையோடு கொண்டு செல்லுதல் வேண்டும். முதல் ஊசியன்றே அதனைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம்.